செம்மண்டலத்தில் என் பெயர்

ஆகஸ்ட் 26, செவ்வாய்

புழுக்கம். மழை வருவது போல இருட்டி, வரவில்லை. கணக்கு பாதியில் நிற்கிறது. பெரியவளானதிலிருந்து பள்ளி கிடையாது. கூடத்து மூலையில் தனிப் பாய், தனித் தட்டு. தெருவிளக்கு வெளிச்சத்தில் எழுதுகிறேன். அம்மா பார்த்தால் தொலைந்தேன்.

மாமா வந்தார். அம்மாவின் தம்பி, சிதம்பரத்தில் ஃபிளெக்ஸ் கடை டிசைனர். போன வாரம் அம்மா போனுக்குச் சில எழுத்து மாதிரிகள் அனுப்பி, எது பிடித்திருக்கிறது என்று என்னைக் கேட்டிருந்தார். கடை வேலைக்கு என்று நினைத்தேன். ஒன்று பழைய சினிமா போஸ்டர் மாதிரி. தடித்தடியாக, கூட்ட பஸ்ஸில் நிற்பவர்கள் போல நெருக்கிக்கொண்டு, 'ழ' மட்டும் குறும்பாகச் சுருண்டு. அதுதான் என்றேன்.

அது எனக்குத்தானாம். ஞாயிறு மஞ்சள் நீராட்டு. செம்மண்டலம் நிறுத்தத்தில் பேனர், என் போட்டோவோடு. எங்கள் வகுப்புப் பையன்கள் பஸ் ஏறும் இடம்.



ஆகஸ்ட் 27, புதன்

கொழுக்கட்டை. எனக்கு மூலைக்கு வந்தது.

"பேனர் வேணாம்மா."

"தாய்மாமன் செய்யறத வேணாங்கிறியா? குறிஞ்சிப்பாடியில உன் சித்தப்பா பொண்ணுக்கு மூணு வெச்சாங்க. வாய மூடிக்கிட்டு இரு."

அம்மா குளிக்கப் போனதும் மாமாவுக்குப் போன்.

"போட்டோ வேணாம் மாமா. ஸ்கூல்ல கிண்டல் பண்ணுவாங்க."

"அவ்ளோதான? எடுத்துடறேன் வுடு."

தப்பித்தேன். நல்ல மாமா.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

பூச்சடை கனம், கழுத்து வலி. மஞ்சள் தண்ணீர் ஜில்லென்று. வளையல் சிறிசு, கையில் சிராய்ப்பு.

பேனரில் போட்டோ இல்லை. அந்த இடம் முழுக்க என் பெயர். யாழினி. ஆள் உயரத்துக்கு. கீழே 'மஞ்சள் நீராட்டு விழா', அதே எழுத்தில்.

"நெருக்கின எழுத்து பாப்பா, எவ்ளோ ஒசரமா வேணா ஏத்தலாம். வடலூர் பஸ்ல போறவன்கூட படிச்சிட்டுத்தான் போவான். எப்புடி இருக்கு?"

"நல்லா இருக்கு மாமா."

நிஜமாகவே நன்றாக இருந்தது. அதுதான் எரிச்சல். போகிறவர் எல்லோரும் நின்று பார்க்கிறார்கள்.

செப்டம்பர் 1, திங்கள்

தூறல். பேனர் நனையக்கூட இல்லை.

நிறுத்தத்தில் ஒருவன் கண்டக்டர் மாதிரி, "யா-ழி-னி, யா-ழி-னி, ஏறு ஏறு." இன்னொருவன், "மச்சான், பிரியாணியாடா போட்டாங்க?" பஸ் வரும்வரை தலை நிமிரவில்லை. கணக்கு டீச்சர் வருகைப் பதிவு எடுக்கும்போது என் பெயரில் நின்று சிரித்தார்.

மதியம் பவித்ரா மட்டும் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"பேனர்லேர்ந்து உங்க மாமா நம்பர எங்கப்பா எடுத்துக்கிட்டாரு. எனக்கு விசேஷம் வந்தா அதே எழுத்துலதான் போடணுமாம்."

டப்பாவை மூடிவிட்டு, காதருகே வந்தாள்.

"எனக்கு எப்பவோ ஆயிடுச்சுடி. வீட்ல யாருக்கும் தெரியாது. நீ வாயத் தொறக்காத."

மறைக்கலாம் என்று எனக்குத் தெரியவே தெரியாது. அன்றைக்குப் பயந்துபோய், அம்மா, அம்மா என்று வாசல்வரை ஓடினேன்.