எல்லோருக்கும் ஒரே பக்கம்

மார்ச் 4, செவ்வாய்

மறுபடியும் வெள்ளைப் பக்கம். பிழைச் செய்தி என்று ஏதாவது வந்தால் திட்டுவதற்காவது ஒரு முகம் இருக்கும். இது வெறும் வெள்ளை.

பரிசோதனைக்கூடத்தின் சைட் காலையிலிருந்து படுத்துவிட்டது. இரத்தமோ திசுவோ எதைக் கொடுத்தாலும் சோதித்து, முடிவை இணையத்தில் ஏற்றிவிடுவார்கள். நோயாளி தன் எண்ணைப் போட்டு, 'என் அறிக்கை' பக்கத்தைத் திறந்து பார்த்து, அதை எடுத்துக்கொண்டு தன் டாக்டரிடம் போக வேண்டும். அந்தப் பக்கத்தைப் பார்த்துக்கொள்வது என் வேலை. அதாவது, விழுந்தால் என் தலையில் விழும்.

சாப்பிடக்கூடப் போகாமல் தேடினேன். ஒரு கோப்பின் உச்சியில் ஒரு வெற்று வரி! சர்வர் முதலில் உறையை, அதாவது பக்கத்தைப் பற்றிய குறிப்புகளை, அனுப்ப வேண்டும், அப்புறம்தான் கடிதம், அதாவது பக்கம். அந்த வெற்று வரி முந்திக்கொண்டு போய்விட்டதால் உறை போகவில்லை, எல்லாம் நின்றுவிட்டது. யார் கை வைத்தது? வேறு யார், முதலாளிதான்.

"சைட்டு ஆமை மாதிரி போகுதுன்னு அந்த லேப் மேடம் கத்துறாங்க. அதான் நேத்து ராத்திரி நானே உக்காந்து வேகமாக்க ஒரு துண்டு ப்ரோக்ராம் சேர்த்தேன்" என்றார்.

ஓடிக்கொண்டிருக்கிற சர்வரில். நேராக. என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல்.

வெற்று வரியை அழித்தேன். பக்கம் வந்தது. வந்ததென்ன, பறந்தது. "பாத்தியா என் வேலையை" என்று சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டார். நாங்கள் அவருக்கு வைத்திருக்கும் பெயர் 'உடனே'. வாயைத் திறந்தால் அந்தச் சொல்தான் முதலில் வரும்.

மார்ச் 5, புதன்

இன்று யாரும் போன் செய்து கத்தவில்லை. இதையெல்லாம் எழுதி வைக்கிற நிலைமை.

மார்ச் 7, வெள்ளி

மதியம் ஒரு போன். "நான் பஸ் கண்டக்டரும்மா. சுகருக்கு டெஸ்ட் குடுத்தேன். திறந்து பாத்தா எனக்குக் கர்ப்பப்பையில கட்டின்னு வருது. இத்தனை வருஷமா எனக்குக் கர்ப்பப்பை இருக்குன்னு ஒருத்தரும் சொல்லலியே!"

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அவரும் சிரித்தார். பிறகு, "பக்கத்துல நின்ன என் பொண்டாட்டி சிரிக்கலம்மா. கீழ ஒரு பொம்பளை பேரு இருக்கு. மேல சிவப்புப் பட்டையில ஏதோ எழுதியிருக்கு. நல்லதா தெரியல" என்றார். கொஞ்ச நேரம் கழித்துத் திறந்து பார்க்கச் சொன்னேன். அவருடையதே வந்தது.

உடனேயிடம் சொன்னேன். அலுவலகமே அதிரச் சிரித்துவிட்டு, கீழே டயர் கடைக்காரர் வரைக்கும் போய்ச் சொல்லிவிட்டு வந்தார். "அப்புறம் சரியா வந்துச்சுல்ல? விடு."

விட முடியவில்லை. ஒருவர் பக்கம் இன்னொருவருக்கு எப்படிப் போகும்?

மார்ச் 8, சனி

போகவில்லையே! என்ன செய்தாலும் எனக்குச் சரியாகத்தான் வருகிறது.

உள்ளே வந்தவர் யார் என்று சர்வர் நினைவில் வைத்திருக்கும் இடத்தைத்தான் முதலில் சந்தேகப்பட்டேன். அதைப் பிரித்துப் பார்த்தேன். பழுதில்லை. பெயர் கேட்டுத் தகவல் எடுக்கும் வரிகள் சரி. எண்கள் சரி. சோதனைக்கென்று இருக்கும் கணக்கில் நுழைந்து, வெளியேறி, மறுபடி நுழைந்து— கை வலிக்கிறது. ஒவ்வொரு முறையும் ஒழுக்கமான பிள்ளை மாதிரி என் பக்கமே வந்து நிற்கிறது. டாக்டர் வாசலை மிதித்ததும் காணாமல் போகிற பல்வலி.

வீட்டுக்காரரிடம் புலம்பினேன். ஃப்ரிட்ஜ் ரிப்பேர் செய்கிற மனுஷன், ஆறுதல் எப்படி இருக்கும்? "நான் போனா நல்லா ஓடும். படியிறங்கினதும் நின்னுடும். அதுங்களுக்கு அப்படி ஒரு புத்தி."

சாப்பாட்டுத் தட்டைக் கொஞ்சம் சத்தமாக வைத்தேன். அவர் மேல் என்ன கோபம் எனக்கு?

மார்ச் 9, ஞாயிறு

கண்டுபிடித்துவிட்டேன். கண்டுபிடிக்காமலே இருந்திருக்கலாம் போல இருக்கிறது.

காலையில் இவர் சும்மா உட்கார்ந்திருந்தார். நான் ஒருத்தியே நுழைந்து நுழைந்து என்ன தெரியப்போகிறது, இன்னொரு ஆள் வேண்டும் என்று தோன்றியது. அவர் போனை வாங்கி, 'சோதனை இரண்டு' என்ற கணக்கில் நுழையச் சொன்னேன். நான் 'சோதனை ஒன்று'.

"என் பேரு என்ன?" என்றார் போனைப் பார்த்தபடி.

"சோதனை இரண்டு."

"எனக்குச் சோதனை ஒன்றுன்னு வருதே. உன் ரத்தம் எனக்கு ஏறிடுச்சு."

சோபாவை விட்டு எழுந்தே விட்டேன். 'உடனே' ஐயா சேர்த்த துண்டைத் திறந்து, முதன்முறையாக, முழுசாகப் படித்தேன். ஒரு பக்கத்தை யாராவது கேட்டால் அதைத் தயாரித்துக் கொடுத்து, ஒரு நகலை எடுத்து வைத்துக்கொள்கிறது. அடுத்த சில நிமிடங்களுக்கு அதே பக்கத்தை யார் கேட்டாலும் அந்த நகல்தான். கேட்பது யார் என்று பார்ப்பதில்லை. செய்திப் பக்கத்துக்குச் சரி. 'என் அறிக்கை' பக்கத்துக்கு? எல்லோருக்கும் ஒரே முகவரி. முதலில் வந்தவரின் உடம்பு, பின்னால் வருகிற அத்தனை பேருக்கும்.

"இதுக்குப் பேரு கேஷ்" என்றேன்.

"கேஷ்னா காசா?"

"நகலுங்க. நகல்."

செவ்வாய்க்கிழமை வரைக்கும் அந்தத் துண்டு வேலையே செய்யவில்லை. வெற்று வரி அதைத் தடுத்து வைத்திருந்தது. அழித்தது யார்? நான். அழித்த கையோடு கீழே இன்னும் நாலு வரி படித்திருக்கலாம். பக்கம் வந்துவிட்ட சந்தோஷம்.

அந்தத் துண்டை அப்போதே வீட்டிலிருந்தபடி எடுத்துப் போட்டேன். இனி யாருக்கும் மாறாது.

பாத்திரம் தேய்க்கும்போதுதான் அடுத்தது தைத்தது. கண்டக்டர் பார்த்தது ஒரு பெண்ணின் அறிக்கை. அவள் தன்னுடையதைப் பார்த்தாள், சரி. ஆனால் அவளை மாதிரி இன்னொருத்தி, வேறு யாருடைய நகலையோ பார்த்திருந்தால்? போனில் திறந்தால் பெயர் அடியில் போய்விடும். மேலே முடிவு மட்டும் பெரிதாக, பட்டையில். பச்சைப் பட்டையில் 'குறை ஏதும் இல்லை' என்று இருந்தால் யார் கீழே இறங்கிப் பெயரைப் பார்ப்பார்கள்? சிவப்பு வந்தவர்கள் போன் செய்து சண்டை போடுவார்கள். பச்சை வந்தவள்— நிம்மதியாகப் போனை வைத்துவிட்டுச் சமைக்கப் போவாள்.

ஐயோ.

மார்ச் 10, திங்கள்

உடனேயிடம் சொன்னேன். இந்தத் தடவை சிரிக்கவில்லை.

"சரி பண்ணிட்டல்ல?"

"பண்ணிட்டேன். ஆனா இந்த நாளுங்கள்ல பாத்தவங்க யாரு எதைப் பாத்தாங்கன்னு நமக்குத் தெரியாது சார். நகல் போனதைச் சர்வர் எங்கயும் குறிச்சு வைக்கல. திறந்து பாத்த எல்லாருக்கும் சொல்லணும்."

"சொன்னா? நாளைக்கே லேப்காரங்க நம்மள வெளிய தள்ளிடுவாங்க. மறுபடி திறந்தா சரியானதுதானே வரப்போகுது?"

"நல்லா இருக்குன்னு வந்தவங்க எதுக்கு சார் மறுபடி திறக்கப் போறாங்க?"

பேனா மூடியைக் கடித்துக்கொண்டிருந்தார். "நீ இதுல தலையிடாத. நான் பக்குவமா பேசிக்கறேன்." எப்போது? எல்லாவற்றுக்கும் உடனே, இதற்கு மட்டும் பக்குவமா?

தலைவலி என்று சொல்லிவிட்டு இறங்கினேன். அது பொய்யும் இல்லை. நேராகப் பரிசோதனைக்கூடத்துக்குப் போனேன்.

போனில் கத்துகிற மேடம் நேரில் சின்ன உருவம். கையுறையைக் கழற்றிக்கொண்டே கேட்டார். நான் முழுசாகச் சொல்லி முடித்தேன். பிறகு, "எங்க பேரு போச்சு" என்றார். ஜன்னல் பக்கம் திரும்பி நின்றார். மறுபடி, "எங்க பேரு போச்சும்மா. எத்தனை வருஷம்..." நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். திரும்பி வந்து நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"உக்காரு. செவ்வாயிலேர்ந்து யாரு யாரு ரிசல்ட்டு ஏத்தினோமோ, எல்லாரையும் கூப்பிடுவோம்."

மார்ச் 11, செவ்வாய்

நாள் முழுக்கப் போன். மேடம் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். அலுவலகத்திலிருந்து வந்த அழைப்புகளை எடுக்கவில்லை.

ஒருவர் நான் வாயைத் திறந்ததுமே, "ஓடிபி கேப்பீங்க, அப்புறம் அக்கவுண்ட்ட வழிப்பீங்க, வைம்மா போனை" என்று வைத்துவிட்டார். ஒரு டீச்சர் அரைமணி நேரம் வகுப்பெடுத்தார்; ஒவ்வொரு வாக்கியமும் நியாயம். நிறையப் பேருக்குச் சரியானதே வந்திருந்தது. சிலருக்கு மாறித்தான் வந்திருக்கிறது, பெரிய விஷயம் இல்லை— யாரோ ஒருவர் அடுத்தவர் கொழுப்புக்காக முட்டையை நிறுத்தியிருக்கிறார்.

மேடம் தன் பக்கம் ஒரு எண்ணை மட்டும் திரும்பத் திரும்பப் போட்டுக்கொண்டிருந்தார். மார்பில் கட்டிக்கு ஊசி போட்டுத் திசு எடுத்த ஒரு பெண். அவளுடைய உண்மையான பட்டை சிவப்பு. போன் அணைத்திருந்தது.

மார்ச் 12, புதன்

இன்றும் அணைத்தே இருக்கிறது.

மார்ச் 14, வெள்ளி

கிடைத்துவிட்டது. அவள் எண் இல்லை. அவளை அனுப்பிய டாக்டரின் கிளினிக்கில் கேட்டு, வீட்டுக்காரர் எண்ணை வாங்கினார் மேடம். அவள் அந்த டாக்டரிடம் திரும்பப் போகவே இல்லை.

ஸ்பீக்கரில் போட்டிருந்தார். நல்ல குஷியான குரல். "அவ தங்கச்சி வீட்டுக்குப் போயிருக்கா மேடம். நல்லா இருக்குன்னு வந்துச்சுல்ல, பச்சையா. ஒரு மாசமா தூங்காம கிடந்தா. நான்தான் போனை அணைச்சுப் போட்டுட்டுப் போய் நாலு நாள் இருந்துட்டு வான்னு அனுப்பி வெச்சேன்."

மேடம் கண்ணை மூடிக்கொண்டார். பிறகு மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக, சொன்னார்.

"அப்ப... அது யாரோடது?"

அவ்வளவுதான் கேட்டார் அந்த மனுஷன்.

வெளியே வந்து மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டேன். நாலு வரி. நாலே வரி படிச்சிருக்கக் கூடாதா நான்? அவருக்கு அவசரம், எனக்கு என்ன கேடு? அந்தப் பொண்ணு தங்கச்சி வீட்டுல சிரிச்சுக்கிட்டு இருப்பா இப்ப. இன்னும் ஒரு மணி நேரத்துல தங்கச்சி போனுக்கு அழைப்பு வரும்.

இவர் வந்து அழைத்துப் போனார்.

மார்ச் 18, செவ்வாய்

அவள் டாக்டரைப் பார்த்துவிட்டாளாம். சீக்கிரம் அறுவை சிகிச்சை செய்ய வேண்டுமாம். "இப்ப வந்தது நல்லதுன்னு டாக்டர் சொன்னாராம்" என்றார் மேடம்.

ஏப்ரல் 2, புதன்

'உடனே' ஐயா என்னை வேலையைவிட்டு நிறுத்தவில்லை. பெருந்தன்மை இல்லை, அந்த ப்ரோக்ராமைத் தொட வேறு ஆள் கிடையாது. கைக்கு எட்டுகிற தூரத்தில் உட்கார்ந்துகொண்டு எனக்கு மெயில் அனுப்புகிறார். மேடம் எங்களை வெளியே தள்ளவில்லை, ஒரே ஒரு நிபந்தனை போட்டிருக்கிறார்: சர்வரில் என்னைத் தவிர வேறு யாரும் கை வைக்கக் கூடாது. அதிலிருந்து மெயில்கள் இன்னும் சுருங்கிவிட்டன.

பட்டையை எடுத்துவிட்டேன். இப்போது முதலில் பெயர், பெரிதாக. அதற்கப்புறம்தான் மற்றது. அசிங்கமாக இருக்கிறது என்று மெயில் வந்தது. இருக்கட்டும்.

மே 23, வெள்ளி

இன்றைக்குக் காலையிலிருந்து பாஸ்வேர்டு மாற்றும் மெயில் யாருக்கும் போய்ச் சேரவில்லை. எல்லாம் குப்பைப் பெட்டிக்குள் போய் விழுகிறது. போன் மேல் போன்.

அதில் ஒரு பெண். பாஸ்வேர்டு மறந்துவிட்டதாம், மெயிலும் வரவில்லையாம். எண்ணைச் சொல்லச் சொன்னேன். சொன்னார். பெயரைப் பார்த்தேன். மார்ச்சில் பச்சையைப் பார்த்த அதே பெண்.

"ஆபரேஷன் முடிஞ்சு இப்ப திரும்ப டெஸ்ட் குடுத்திருக்கேன். போன தடவை உங்க சைட்டு பண்ணின கூத்து தெரியுமா உங்களுக்கு? இந்தத் தடவையாவது ஒழுங்கா வருமா? இல்ல பஸ்ஸ புடிச்சு நேர்ல வந்து காகிதத்துல வாங்கிக்கவா? பதில் சொல்லுங்க!"

"புதுசு போட்டுத் தரேங்க. இப்பவே திறந்து பாருங்க. முதல்ல உங்க பேரு இருக்கான்னு பாருங்க."

விரல் தட்டுகிற சத்தம். யாரையோ "கொஞ்சம் சும்மா இருங்க, நானே படிக்கறேன்" என்று அதட்டினார்; வீட்டுக்காரராக இருக்கும். நான் என் திரையில் அந்தப் பக்கத்தைத் திறக்கவில்லை. அது அவருடையது.

"என் பேருதான்" என்றார். மெதுவாகப் படித்தார், வாய்க்குள். பிறகு மூச்சை விட்டார்.

"இருந்தாலும் காகிதத்துலயும் ஒண்ணு வேணும். உங்களையெல்லாம் நம்ப முடியாது."

"சரிங்க. எடுத்து வைக்கச் சொல்றேன்" என்றேன்.

வைப்பதற்கு முன் இன்னும் கொஞ்ச நேரம் திட்டினார். நானும் கேட்டுக்கொண்டே இருந்தேன்.