வீட்டுக்குப் போகணும்

துறைமுக விடுதி
மார்ச் 3

அன்புத் தங்கச்சிக்கு,

அண்ணன் எழுதுவது. முதலில் உன் வயிற்றில் பாலை வார்த்துவிடுகிறேன். மாப்பிள்ளை உயிரோடு இருக்கிறார். எழுந்து நடக்கிறார், தானே சாப்பிடுகிறார். கம்பெனிக்காரன் கடிதத்தைப் பார்த்து நீ பயந்த அளவுக்கு இல்லை.

ஆனால் நல்லபடியாக இருக்கிறார் என்று எழுதினால் அது பொய். கிரேன் ஏணியிலிருந்து விழுந்ததில் தலையில் நல்ல அடி. அறுவை சிகிச்சை செய்து ஒரு பக்கம் எலும்பை எடுத்திருக்கிறார்கள். அந்த இடத்தில் தோல் மட்டும்தான், குழிந்து கிடக்கிறது. தலை துவட்டிவிடும்போது துண்டை அந்தப் பக்கம் கொண்டுபோக என் கை துணிவதில்லை. லேத்தில் இரும்பைக் கடைகிற கை! நினைவுதான் சல்லடையாகிவிட்டது. என்னைப் பார்த்ததும் கொஞ்ச நேரம் முழித்தார். பிறகு "வாங்க, உக்காருங்க" என்றார். மச்சான் என்று தெரிந்து சொன்னாரா, வந்தவனுக்குச் சொல்கிற மரியாதையா, எனக்கே புரியவில்லை.

விமானத்தில் ஏற்றக்கூடாது என்று டாக்டர் ஒரே பிடியாகச் சொல்லிவிட்டார். அதனால் சரக்குக் கப்பல்தான். பயணிகளுக்கு நாலைந்து அறைகள் வைத்திருக்கிறார்கள். வழியில் ஒரு துறைமுகத்தில் வேறு கப்பல் மாறவேண்டும், அதற்கப்புறம் ரயில். மாதக்கணக்கில் ஆகும். என் பட்டறை முதலாளிக்கு நீயே போய்ச் சொல்லிவிடு. நான் எழுதினால் மனுஷன் கடிதத்தைக் கிழித்துப்போட்டுவிடுவார்.

உனக்குச் சந்தோஷமான ஒன்று சொல்கிறேன். சாயங்காலம் ஆனால் போதும், "வீட்டுக்குப் போகணும், வீட்டுக்குப் போகணும்" என்று ஒரே பிடிவாதம். "அங்கதான் மாப்பிள்ளை போறோம்" என்றால் உடனே சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டு கட்டிலில் தயாராக உட்கார்ந்துவிடுகிறார்.

கப்பல் நிற்கிற ஊர்களில் ஏஜெண்ட் அலுவலக முகவரிகளைப் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். விமானத் தபால் எங்களை முந்திக்கொள்ளும். எழுது.

உன் அண்ணன்

---

மார்ச் 12

அன்புள்ள அண்ணனுக்கு,

உன் கடிதத்தை மருந்துக்கடையில் வைத்துத்தான் படித்தேன். கடைசிப் பத்தி வந்ததும் எழுத்து தெரியவில்லை. வந்த வாடிக்கையாளர் இருமல் மருந்து கேட்க, நான் ஏதோ களிம்பை எடுத்துக் கொடுத்துவிட்டேன். முதலாளி சத்தம் போடவில்லை. "வீட்டுக்குப் போம்மா" என்று அனுப்பிவிட்டார்.

வீட்டுக்குப் போகணும் என்று சொல்கிறாராமே. அவர் வெளிநாடு போன இந்த ஒன்பது வருஷத்தில் கடைசி நான்கு வருஷம் அவரிடமிருந்து ஒரு வரி கிடையாது. நான் திட்டாத திட்டு இல்லை. இப்போது அந்த இரண்டு வார்த்தையில் எல்லாம் அடிபட்டுப் போச்சு. என் புத்தி அப்படி, நீ சிரிக்காதே.

அண்ணியும் நானும் முன்னறையைக் காலி செய்துவிட்டோம். கட்டில் வாங்கி ஜன்னலோரம் போட்டிருக்கிறேன். குளியலறைச் சுவரில் பிடித்துக்கொள்ளக் குழாய் பொருத்தியாயிற்று. தரை வழுக்காமல் இருக்கச் சொரசொரப்பாகப் பூசச் சொன்னேன். கொத்தனார் அரைகுறையாகப் பூசிவிட்டு டீ குடிக்கப் போனவர் திரும்பவில்லை. மிச்சத்தை நானே பூசினேன், பார்க்கச் சகிக்காது. என் மகள் வாயாடி கண்ணாடி முன்னால் நின்று "அப்பா, நான்தான்" என்று பல தினுசாகச் சொல்லிப் பார்க்கிறாள். அவர் போனபோது அவளுக்குப் பால் பல் விழவில்லை. இன்றைக்கு என் செருப்பு அவளுக்குச் சரியாக இருக்கிறது.

வலிப்பு மாத்திரையைக் காலையும் இரவும் தவறாமல் கொடு. சாப்பிட்டபிறகு கொடு. கப்பலில் வாந்தி எடுத்தால் மாத்திரையும் வந்துவிட்டதா என்று பார்.

ஒன்று கேட்க மறந்துவிட்டேன். விழுந்து ஆறு மாதம் ஆகிறது என்று கம்பெனிக் கடிதத்தில் இருந்தது. அத்தனை நாள் யார் பார்த்துக்கொண்டார்கள்? யாராக இருந்தாலும் அவர்களுக்கு நான் நன்றி எழுதவேண்டும். முகவரி அனுப்பு.

உன் அன்புத் தங்கை

---

கப்பலிலிருந்து
மார்ச் 24

அன்புத் தங்கச்சிக்கு,

ஏஜெண்ட் அலுவலகத்தில் உன் கடிதம் எனக்கு முன்னால் வந்து காத்திருந்தது. மாப்பிள்ளைக்குப் படித்துக் காட்டினேன். கவனமாகக் கேட்டார். முடிந்ததும் "பாவம், நல்ல பொம்பளை" என்றார். அதை நீ தப்பாக எடுத்துக்கொள்ளாதே.

முதல் நாலு நாள் நான்தான் வாந்தி எடுத்துப் படுத்தேன். அவருக்கு ஒன்றும் இல்லை. என் முதுகைத் தடவிக் கொடுத்துக்கொண்டு இருந்தார். நோயாளி யார், துணைக்கு வந்தவன் யார் என்று சமையல்காரன் கேலி பண்ணுகிறான்.

இப்போது மேல்தளத்தில் காலையும் மாலையும் நடக்கிறோம். கடலைப் பார்த்தபடி என்னென்னவோ பேசுகிறார். வீட்டைப் பற்றிப் பேச்சு வந்தால் முகமே மாறிவிடுகிறது. மாடிப்படியில் மூன்றாவது படி ஆடும், பார்த்து ஏறணும் என்கிறார். கீழே ரொட்டிக்கடை, விடியும்போதே வாசனை வந்துவிடும் என்கிறார். எனக்கு வழி சொல்லித் தருகிறாராம்! அடிபட்ட மூளை, எதையோ எதனோடோ சேர்த்துப் பேசுகிறது.

பார்த்துக்கொண்டவர்களைப் பற்றிக் கேட்டிருந்தாய். ஆஸ்பத்திரிதான். நர்சுகள், ஊழியர்கள். நல்ல ஆட்கள். தனியாக யாருக்கும் எழுதத் தேவையில்லை.

அண்ணன்

---

ஏப்ரல் 1

அண்ணா,

நம் வீட்டில் மாடிப்படி கிடையாது.

சின்ன வயதில் நீ பொய் சொன்னால் அம்மா கண்டுபிடிக்குமுன் நான் கண்டுபிடிப்பேன். எதையாவது மறைக்கும்போது நீ அளவுக்கு மீறி விளக்குவாய், இல்லை ஒரேயடியாகச் சுருக்கிவிடுவாய். "நர்சுகள், ஊழியர்கள், நல்ல ஆட்கள்" என்று எழுதியிருக்கிறாய்.

நான் மருந்துக்கடையில் வேலை செய்கிறவள். எத்தனையோ பேர் என் முகத்துக்கு நேரே நின்று தங்கள் வீட்டுக் கெட்ட செய்தியைச் சொல்லியிருக்கிறார்கள். என்னுடையதையும் யாராவது ஒருவர் எனக்கு நேராகச் சொல்லட்டும். அது நீயாக இருக்கட்டும்.

தங்கை

---

கப்பல் மாறும் துறைமுகம்
ஏப்ரல் 10

தங்கச்சி,

அடுத்த கப்பலுக்கு இங்கே காத்திருக்கிறோம். மாப்பிள்ளை தூங்குகிறார். உன் கடிதத்தை எதிரே வைத்துக்கொண்டு எழுதுகிறேன். இனி மறைக்க மாட்டேன்.

ஒரு பெண் இருக்கிறாள். அந்த ஆஸ்பத்திரிச் சலவைப் பிரிவில் துணி வெளுக்கிற வேலை. நம்மைவிட ஏழை. ரொட்டிக்கடைக்கு மேலே ஒரே ஒரு அறை, அதில்தான் இரண்டு பேரும் இருந்திருக்கிறார்கள். விழுவதற்கு முன்பே சில வருஷமாக. கடிதம் நின்றுபோனதும் அப்போதுதான். விழுந்த பிறகு, பகலில் அவரை ஆஸ்பத்திரியிலேயே உட்கார வைத்துத் துணி வெளுத்துவிட்டுச் சாயங்காலம் வந்து அவரை அந்த அறைக்குக் கூட்டிப்போவாளாம். அதனால்தான் பொழுது சாய்ந்தால் சட்டையை மாட்டிக்கொள்கிறார்.

அவள் நம் மொழி பேசுகிறாள். வேறு நாட்டுக்காரி. இவரிடம் கேட்டுக் கேட்டே படித்திருக்கிறாள். எதற்கெடுத்தாலும் "அட விடு கழுதையை" என்பாரே மாப்பிள்ளை, அதே இழுப்போடு அவளும் சொல்கிறாள். கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் மாப்பிள்ளையின் பழைய பேச்சு ஒரு பெண் குரலில் வருகிற மாதிரி இருந்தது. எனக்கு அவளை அடிக்கவும் தோன்றியது, பக்கத்தில் உட்கார்ந்து அழவும் தோன்றியது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். விபத்துக்குப் பிறகு கம்பெனி அவருடைய வேலை அனுமதியை ரத்து செய்துவிட்டது. அவரைத் தன்னோடு இருக்கவிடச் சொல்லி அவள் ஏதோ அலுவலகத்தில் மனு கொடுத்திருக்கிறாள். பதில் வரும்வரை பொறுக்கச் சொல்லி என்னைக் கெஞ்சினாள். "ஊர்ல இவரு பொண்டாட்டி காத்துக்கிட்டு இருக்கா" என்றேன். "தெரியும்" என்றாள். "எனக்கும் சொல்லியிருக்காரு. நல்லவங்கன்னுதான் சொல்லுவாரு." நான் பொறுக்கவில்லை. நீ கட்டில் வாங்குவாய் என்று எனக்குத் தெரியும். கப்பலை விட்டால் அடுத்தது எப்போது என்று தெரியாது. கிளம்பிவிட்டேன்.

துறைமுக வாசல்வரை வந்தாள். தேய்த்து மடித்த சட்டைகளை என்னிடம் கொடுத்தாள். "அட விடுங்க கழுதையை. பத்திரமா போயிட்டு வாங்க" என்றாள். மாப்பிள்ளை கையை ஆட்டிவிட்டு "சாயங்காலம் வந்துடுவேன்" என்று சொல்லிவிட்டு என்னோடு நடந்தார்.

இதை எழுதாமலே கொண்டுவந்து சேர்த்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். நீ கேட்டுவிட்டாய்.

அண்ணன்

---

ஏப்ரல் 17

அண்ணா,

அவரைத் திருப்பிக் கொண்டுபோய் விட்டுவிடு.

பெரிய மனசோடு சொல்கிறேன் என்று நினைக்காதே. அவளை நினைத்து இரக்கமும் இல்லை. அவள் வாயில் அவருடைய பேச்சு இருக்கிறது என்று எழுதினாய் பார், அந்த வரியிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. எனக்குப் பயம், அவ்வளவுதான். தினமும் பொழுது சாயும். தினமும் அவர் கேட்பார். என் வீட்டுக்குள், நான் வாங்கிய கட்டிலில் உட்கார்ந்துகொண்டு, அவள் வீட்டுக்குப் போகணும் என்பார். நான் மாத்திரையும் தண்ணீருமாக எதிரே நிற்பேன். என்னால் ஆகாது.

வாயாடியிடம் இன்னும் சொல்லவில்லை. "அப்பா, நான்தான்" இப்போது நன்றாக வருகிறது அவளுக்கு.

நீ நல்லது நினைத்துத்தான் செய்தாய். என்னைக் கேட்டுவிட்டுச் செய்திருக்கலாம். கொஞ்ச நாள் பொறுத்திருந்தால் அவளாவது பிழைத்திருப்பாள். இப்போது இரண்டு வீட்டிலும் விளக்கை அணைத்துவிட்டாய்.

திருப்பி அழைத்துப் போ. தயவுசெய்து.

தங்கை

---

ஏப்ரல் 25

தங்கச்சி,

உன் கடிதத்தைப் படித்ததும் அவரை விடுதி அறையில் உட்கார வைத்துவிட்டுக் இங்கே இருக்கிற அந்த நாட்டுத் தூதரக அலுவலகத்துக்கு ஓடினேன். அதிகாரி பாஸ்போர்ட்டைப் புரட்டிப் பார்த்தார். வெளியேறும்போது அடித்த முத்திரையைக் காட்டினார். "வேலை அனுமதி ரத்தானவருக்கு இந்த முத்திரை விழுந்தால் திரும்ப நுழைய முடியாது" என்றார். வேறு ஜன்னலுக்குப் போனேன். அங்கேயும் அதே பதில். கதவு நான் இழுத்த இழுப்பில் மூடிக்கொண்டுவிட்டது.

திரும்பி வந்தால் அறையில் ஆள் இல்லை. எனக்கு உயிரே போய்விட்டது. தெருத்தெருவாக ஓடினேன். கடைசியில் ஒரு சந்தில், யாரோ ஒருவர் வீட்டு மாடிப்படியில் உட்கார்ந்திருந்தார். கீழே ஒரு தையல்கடை. தட்டித் தட்டிக் கை சிவந்திருந்தது. என்னைப் பார்த்து, "கதவு திறக்க மாட்டேங்குது. கோவமா இருக்கா போல" என்றார். மேலே குடியிருக்கிற கிழவர் திகைத்துப்போய் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார். நானும் அந்தப் படியில் உட்கார்ந்துவிட்டேன். என் வயதுக்கு நடுத்தெருவில் அழுதேன். மாப்பிள்ளைதான் என்னைத் தேற்றினார்.

நாளை கப்பல் ஏறுகிறோம். ரயில் என்றைக்கு வந்து சேரும் என்று தந்தி கொடுக்கிறேன். நீ ஸ்டேஷனுக்கு வரவேண்டாம். உன்னால் முடியாது என்றால் என் வீட்டிலேயே வைத்துக்கொள்கிறேன், அண்ணி ஒன்றும் சொல்ல மாட்டாள். என்னை மன்னித்துவிடு என்று எழுதக் கூச்சமாக இருக்கிறது.

அண்ணன்

---

ஆகஸ்ட் 9

அண்ணா,

நேற்று நீ வந்து கதவைத் தட்டினாய். பழம் போட்ட பை ஒன்றை வாசலில் வைத்துவிட்டுப் போனாய். நான் உள்ளேதான் இருந்தேன். நீ போகிற சத்தம் தேய்கிறவரை அசையாமல் நின்றேன். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். இரண்டு தெரு தள்ளி இருக்கிறவனுக்குத் தபாலில் எழுதுகிறேன். நேரில் பார்த்தால் ஒன்று உன்னைக் கத்திவிடுவேன், இல்லை உன் தோளில் சாய்ந்துவிடுவேன். இரண்டுக்கும் எனக்குத் தெம்பு இல்லை.

இனி வராதே. உன்மேல் கோபம் இல்லை என்று எழுதப் பார்த்தேன். இரண்டு முறை எழுதி அடித்துவிட்டேன். அண்ணி வரட்டும். நீ வரவேண்டாம். எத்தனை நாளைக்கு என்று கேட்காதே.

நீ வேண்டாம் என்று எழுதியும் கேட்காமல் ஸ்டேஷனுக்கு வந்தேன். அவரை உன் வீட்டுக்கு அழைத்துப்போகிறேன் என்றாய். நான் விடவில்லை. அது என் வீம்பு, அதற்கு உன்மேல் பழி இல்லை. ஊர்ப்பேச்சுக்குப் பயந்தும்தான்.

வாயாடி அவரிடம் இப்போது பேசுவதில்லை. வந்த அன்றைக்கே "அப்பா, நான்தான்" என்றாள், அவர் "யாரு வீட்டுப் பொண்ணும்மா நீ? அழகா பேசுறியே" என்று கேட்டதை நீயும்தான் பார்த்தாய். அந்த வார்த்தையை அவள் அதற்குப் பிறகு யாரிடமும் சொல்லவில்லை. பள்ளிக்கூடம் விட்டால் தோழி வீட்டுக்குப் போய்விடுகிறாள். விளக்கு வைத்த பிறகுதான் வருகிறாள். அந்த நேரத்துக்குள் அவர் வீட்டுக்குப் போகணும் என்று கேட்டு முடித்திருப்பார் என்று அவளுக்குக் கணக்கு.

உடம்புக்குக் குறையில்லை. வலிப்பு வரவில்லை. தொந்தரவு கொடுப்பதே இல்லை, அதுதான் தொந்தரவு. தட்டைத் தானே கழுவி வைக்கிறார். தண்ணீர் கொடுத்தால் எழுந்து நின்று வாங்குகிறார். முன்பெல்லாம் என்னை "ஏய், இங்க வாடி" என்றுதானே கூப்பிடுவார், அதற்காக நான் எத்தனை சண்டை போட்டிருப்பேன். இப்போது என்னை "நீங்க" என்கிறார், அண்ணா. வாய் தவறிக்கூட "நீ" வரவில்லை.

நேற்று நீ போன பிறகு அவருக்கு முகச்சவரம் செய்துவிட்டுக்கொண்டிருந்தேன். ரொம்ப யோசித்துவிட்டு, மெதுவான குரலில் கேட்டார்.

"ஏங்க, நான் பாட்டுக்கு இங்கயே தங்கிட்டேன். உங்க வீட்டுக்காரர் ஒண்ணும் தப்பா நினைச்சுக்க மாட்டாரே?"

பிரஷ்ஷை மறுபடி சோப்பு நுரையில் தோய்த்தேன்.

"அவரு வெளிநாட்டுல இருக்காரு" என்றேன்.

"அடடா. எப்ப வர்றாரு?"

"தெரியலைங்க."

அவருக்கு என்னைப் பார்க்கப் பாவமாக இருந்திருக்கவேண்டும். நுரை ஒட்டிய முகத்தோடு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"வந்துடுவாரும்மா" என்றார். "கவலைப்படாதீங்க."

தங்கை