பச்சைப் புள்ளி

ஜூன் 3
என் இருபத்திரண்டு ஸ்பானருக்கும் இன்று மறுபடி அடையாளத்துக்குப் பச்சைப் பெயிண்டில் புள்ளி வைத்தேன். கை சும்மா இருக்கவில்லை. சாப்பாட்டு டப்பா, சீப்பு, குடைக்கும் வைத்தேன்.

"அப்படியே நெத்தியிலயும் ஒண்ணு வெச்சுக்குங்க. தொலைஞ்சு போனா யாராவது கொண்டாந்து விடுவாங்க" என்றாள் மனைவி.

பஸ் டிப்போவில் எனக்குப் பேரே பச்சைப்புள்ளிதான். இருக்கட்டும். பாதியில் விட்ட எட்டாம் வகுப்பைத் தவிர நான் இதுவரை எதையும் தொலைத்ததில்லை.

ஜூன் 6
பதினேழாம் நம்பர் ஸ்பானரைக் காணோம்!

ஜூன் 7
கிடைத்தது. புதிதாக வந்த வெல்டர் கையில். வேறு தேசத்துக்காரன். என்னைப் பார்த்ததும் அதைத் தூக்கிக் காட்டிச் சிரிக்கிறான்! திருடுறவன் இப்படியா பல்லைக் காட்டுவான்? நேரே போய் சூப்பர்வைசரிடம் திருட்டு என்று எழுதிக் கொடுத்தேன், மூன்று எழுத்துப்பிழையோடு. வெள்ளிக்கிழமை விசாரணை. அவன் வேலை போய்விடுமாம்.

ஜூன் 8
மகளிடம் வீரமாகச் சொன்னேன். வெளிநாட்டிலிருந்து வந்தவர்களுக்குச் சாயங்காலத்தில் நம் பேச்சைச் சொல்லிக் கொடுக்கிறாள் அவள். வெல்டரும் அவளிடம்தான் படிக்கிறானாம். தட்டைத் தள்ளி வைத்துவிட்டாள்.

"அப்பா, அவங்க ஊர்ல, கூட வேலை செய்றவங்க சாமானைக் கேக்காமத்தான் எடுப்பாங்க. கேட்டா, 'நீ கஞ்சன், தரமாட்டே'ன்னு மூஞ்சிக்கு நேரா சொன்ன மாதிரி."

"அது என்னோடதும்மா!"

"அந்த 'என்னோடது'ங்கிற வார்த்தைதான் அவருக்கு ஏறவே மாட்டேங்குது. 'என்கிட்ட இருக்கு' ஒரே நாள்ல வந்துடுச்சு."

கோபமாக எழுந்து வெளியே வந்துவிட்டேன். வாசலில்தான் உறைத்தது. என் கையுறை கிழிந்திருந்தபோது பெஞ்சில் யாரோ புதுசு வைத்துவிட்டுப் போனார்களே... யாருடையது என்றுகூடக் கேட்காமல் அதற்கும் புள்ளி வைத்தவன் நான்! அப்போ திருடன் யாருடா?

ஜூன் 9
வெல்டரிடம் கையுறையைக் காட்டினேன். தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டி, "உன்கிட்ட இருக்கு" என்றான், சந்தோஷமாக. நாளை புகாரைத் திரும்ப வாங்கினால் டிப்போவே சிரிக்கும். சிரிக்காத நாள் எது?

ஜூன் 10, வெள்ளி
அவன் சொல்வதை நமக்குப் புரியவைக்க மகளைத்தான் கூப்பிட்டிருந்தார்கள். நாற்காலி போட்டுக் கொடுத்தார்கள். என்னை இருபது வருஷமாக 'யோவ்' என்கிற சூப்பர்வைசர் அவளை 'மேடம்' என்றார்! எனக்குச் சட்டைப் பொத்தான் தெறிக்காத குறை.

எழுந்து சொன்னேன்: "சார், ஸ்பானர் என்கிட்ட இருந்துச்சு. அப்புறம் அவர்கிட்ட இருந்துச்சு. திருட்டெல்லாம் இல்ல, தப்பா எழுதிட்டேன்."

"பச்சைப்புள்ளியா பேசறது?" என்றார்.

புகாரை நானே கிழித்தேன்.

ஜூன் 24
வேலை முடிகிற நேரத்தில் நல்ல மழை. ஆணியில் என் குடையைக் காணோம். பக்கத்து ஆணியில் வெல்டரின் மழைக்கோட்டு. ஒரு நிமிஷம் நின்றேன். யாரையும் கேட்கவில்லை. மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

"யாரோட கோட்டு இது? நம்ம குடை எங்க?" என்றாள் மனைவி.

"கோட்டு என்கிட்ட இருக்கு. குடை அவர்கிட்ட இருக்கு."

மகள் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். அடடா, அந்தப் பார்வை! தொலைத்த எட்டாம் வகுப்பு கையில் கிடைத்த மாதிரி இருந்தது.