வாடாமல்லி நிறத்தில் ஒரு பெட்டி

டீச்சர்,

இன்று காலை கம்ப்யூட்டர் திரையின் நடுவில் வாடாமல்லி நிறத்தில் ஒரு பெட்டி எழுந்தது. அந்த நிறத்தை உங்கள் ஒருவருக்கென்றே ஒதுக்கி வைத்திருந்தேன். நீங்கள் போன பிறகு அது ஒரு நாளும் வந்ததில்லை. கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு பார்த்தேன். பெட்டியின் தலையில் ‘டீச்சர்’ என்று இருந்தது. அதற்குக் கீழே இப்படி:

“அம்மா, நீங்க யாருன்னு தெரியலீங்க. இந்த நம்பர் இப்ப என்னுதுங்க. தெனமும் காலைல மெசேஜ் வருதுங்களே?”

எல்லாம் நம் பழைய பழக்கம்தான். கம்ப்யூட்டரைப் போட்டதும் ‘போட்டாச்சுங்க டீச்சர்’ என்று உங்கள் போனுக்கு ஒரு வரி அனுப்புவேன். எதிர்வீட்டிலிருந்து நீங்கள் ‘சரிங்க அக்கா’ என்று அனுப்புவீர்கள். பெட்டி வருகிறதா, எழுத்து தெரிகிறதா என்று அப்படித்தான் சரிபார்ப்போம். தறியில் புதுப் பாவு நூல் பூட்டினால் கொஞ்சம் ஓட்டிப் பார்க்காமல் யாரும் தறியை விட்டு நகர மாட்டார்கள் அல்லவா, அது மாதிரி. நீங்கள் போன பிறகும் கை அந்த வரியை விடவில்லை. பதில் வராது என்று தெரிந்துதான் அனுப்பிக்கொண்டிருந்தேன். இன்று பதில் வந்துவிட்டது.

மகன் எட்டிப் பார்த்தான். என் காது கேட்காது என்பதால் முகத்துக்கு நேரே வந்து நின்று வாயை அசைத்துச் சொன்னான்: “நம்பர வேற ஆளுக்குக் குடுத்துட்டாங்கம்மா. இனி அந்த ஆளு எது அனுப்புனாலும் இந்தக் கலர்லதான் வந்து நிக்கும். அந்தக் கலர் வரச்சொல்லி டீச்சருக்கு எழுதிவெச்ச வரிய எடுத்துப்போடுங்க.”

அவன் சொன்னது சரிதான். ஆனாலும் நான் இன்னும் எடுக்கவில்லை. எடுப்பதா வைப்பதா என்று உங்களிடம் பேசிவிட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும்.

குமாரபாளையத்தில் விசைத்தறிப் பட்டறையிலேயே வாழ்ந்தவளுக்குக் காது போவது புதிதல்ல. எனக்கும் மெல்ல மெல்லப் போனது. டாக்டர் கொடுத்த மெஷினை மாட்டினால் பேச்சோடு சேர்த்துத் தறிச் சத்தமும் பெரிதாகக் கேட்டது. கழற்றி டப்பாவில் போட்டுவிட்டேன். ஆனால் வீட்டின் முன்னறையில் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து லுங்கி ஆர்டர் வாங்கிப் பட்டறைக்குச் சொல்லும் வேலை என்னுடையது. ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள் நான். எந்த வியாபாரிக்கு எந்தக் கட்டம், எந்தச் சாயம் என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். என் மகனுக்கு அது வராது.

ஆர்டர் வந்தால் கம்ப்யூட்டர் ‘டிங்’ என்னும். அந்த டிங் என் காதில் விழாமல் போக ஆரம்பித்தது. ஒரு மூலையில் சாம்பல் நிறத்தில் ஒரு குட்டிப் பெட்டி எட்டிப் பார்க்கும். நான் தலை நிமிர்வதற்குள் ஓடிவிடும். பழைய வியாபாரி ஒருவர் இரண்டு முறை அனுப்பிப் பார்த்துவிட்டு வேறு பட்டறைக்குப் போய்விட்டார். அன்று சாப்பிடும்போது மகன் என் முகத்தைப் பார்த்துச் சொன்னான்.

“போதுங்கம்மா. நீங்க ரெஸ்ட் எடுங்க. முன்னாடி உக்கார ஒரு ஆளப் போட்டுக்கலாம்.”

அவன் அன்பாகத்தான் சொன்னான். நான் பாதிச் சோற்றில் எழுந்தேன். அந்த நாற்காலி போனால் எனக்கு டிவி முன்னால் ஒரு நாற்காலி போடுவார்கள். கேட்காத டிவி.

கை கழுவின ஈரத்தோடு உங்கள் வீட்டுக்கு வந்தேன். தெருவே உங்களை டீச்சர் என்றுதான் கூப்பிடும். டைப்ரைட்டிங் சொல்லிக்கொடுத்து, பிறகு கம்ப்யூட்டர் சென்டராக மாற்றியவர் நீங்கள். எங்கள் கம்ப்யூட்டருக்கு லினக்ஸ் என்கிற இலவச சிஸ்டத்தைப் போட்டுக் கொடுத்ததும் நீங்கள்தான். என்னைவிட வயதில் சின்னவர். ஆனாலும் நாம் இருவரும் கடைசிவரை ‘ங்க’ போட்டுத்தான் பேசிக்கொண்டோம்.

நான் சொல்லி முடித்ததும் சிரித்தீர்கள். “காது போனா என்னுங்க அக்கா, கண்ணு இருக்குதுல்ல? அந்தப் பொட்டிய உங்களுக்குத் தக்கன மாத்திப்போடலாம், வாங்க.”

எங்கள் முன்னறைக்கு வந்து கம்ப்யூட்டரில் ஒரு ஃபைலைத் திறந்தீர்கள். அந்தப் பெட்டி எங்கே வர வேண்டும், எவ்வளவு பெரிய எழுத்து, என்ன நிறம், எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்பதெல்லாம் அதில் வரி வரியாக இங்கிலீஷில் இருந்தது. நான் மிரண்டதைப் பார்த்தீர்கள். ஒவ்வொரு வரிக்கும் மேலே தமிழில் எழுத ஆரம்பித்தீர்கள். ‘இது எழுத்தோட சைஸ்.’ ‘இது நிக்கிற நேரம்.’ அந்தத் தமிழ் வரிகளின் முன்னால் மட்டும் # என்று ஒரு குறி போட்டீர்கள். எனக்கு அது நீளவாக்கில் இரண்டு பாவு இழையும் குறுக்கே இரண்டு ஊடை இழையும் ஓடுவது போலத் தெரிந்தது.

“இது எதுக்குங்க?”

“இந்தக் குறி போட்ட வரிய மெஷின் படிக்காதுங்க அக்கா. தாண்டிப் போயிரும். அது நமக்கு.”

மூலையில் இருந்த பெட்டியை நடுவுக்குக் கொண்டுவந்தீர்கள். எழுத்தைப் பெரிதாக்கினீர்கள். எவ்வளவு நேரம் நிற்கட்டும் என்று கேட்டபோது நான் யோசிக்கவே இல்லை. “எது வந்தாலும் நான் தொடற வரைக்கும் நிக்கோணும்” என்றேன். என் கணக்கு தறிக் கணக்கு. ஊடை அறுந்தால் தறி நின்றுவிடும். ஆள் போய்க் கை வைக்காமல் ஓடாது. பெட்டியும் அப்படி இருந்தால் எது தவறும்?

நீங்கள் ஒரு மாதிரி பார்த்தீர்கள். “சரிங்க அக்கா, உங்க இஷ்டம்” என்று சொல்லி, அப்படியே எழுதிவைத்துவிட்டுப் போய்விட்டீர்கள்.

மறுநாள் திரை முழுக்கப் பெட்டி. நெட் வந்தது என்று ஒன்று, நெட் போனது என்று ஒன்று. பிரிண்டரில் பேப்பர் இல்லை என்று ஒன்று. பேத்தி பாட்டுப் போட்டிருந்தாள். ஒவ்வொரு பாட்டு மாறும்போதும் ஒன்று. சம்பந்தியம்மா அனுப்பும் பூப்படத்துக்கும் காலை வணக்கத்துக்கும் தனித்தனியாக. எல்லாம் நான் தொடுவதற்காக வரிசையில் நின்றன. அடியில் ‘இன்னும் பதினான்கு’ என்று காட்டியது. தொட்டுத் தொட்டு விரல் சலித்தது. அந்தப் பதினான்குக்குள் எங்கேயோ ஒரு ஆர்டர் மாட்டிக்கொண்டு கிடந்தது. மத்தியானம்தான் கண்டுபிடித்தேன். நல்லவேளை, அந்த வியாபாரி பொறுமைசாலி.

மாலையில் வந்து பார்த்துவிட்டு நீங்கள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு சிரித்தது இன்னும் கண்ணில் இருக்கிறது.

“ஏனுங்க அக்கா, தறியில ஊடை அறுந்தா நிக்கும். பஞ்சு பறந்தா நிக்குங்களா?”

“பஞ்சுக்கெல்லாம் எதுக்கு நிக்குது?”

“அப்பறம் இங்க மட்டும் பஞ்சுக்கெல்லாம் நிறுத்தி வெச்சிருக்கீங்களே?”

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. “முன்னாடியே சொல்றதுக்கென்ன?”

“சொன்னா கேட்டிருப்பீங்களா?”

கேட்டிருக்க மாட்டேன்தான்.

அதன்பின் இருவரும் உட்கார்ந்து பிரித்தோம். சாதா, நடுத்தரம், அவசரம் என்று மூன்று வகை. ஒவ்வொன்றையும் காட்டி நீங்கள் ஒரே கேள்விதான் கேட்பீர்கள்: “இதுக்கு நிக்கோணுங்களா, போகட்டுங்களா?” ஆர்டர் அவசரம், நிற்க வேண்டும். பட்டறையிலிருந்து மகன் அனுப்புவது நடுத்தரம்; கொஞ்சம் நின்று போகட்டும். பாட்டு, பிரிண்டர், நெட் எல்லாம் வரவே வேண்டாம். நிறத்தை மட்டும் நான் விட்டுக்கொடுக்கவில்லை. ஆர்டருக்கு மஞ்சள் என்றேன். நீங்கள் வைத்த மஞ்சள் எலுமிச்சை மாதிரி இருந்தது. உள்ளே போய்ச் சாயம் போட்ட நூல் சிட்டத்தை எடுத்துவந்து திரையோடு வைத்துப் பிடித்தேன். அதற்கு ஒத்துவரும்வரை உங்களை விடவில்லை.

“அக்கா, இது பொட்டிங்க, லுங்கி இல்ல.”

“கலர்னா கலர்தானுங்க.”

சம்பந்தியம்மாவும் ‘வரவே வேண்டாம்’ வகையில் விழுந்தார். அதற்கு ஒரு நாள் மாட்டிக்கொண்டேன். வீட்டுக்கு வந்தவர் என் பக்கத்தில் உட்கார்ந்தபடியே போனில் ஏதோ அனுப்பிவிட்டுத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்றும் வரவில்லை. “என்னுங்க சம்பந்தி, நான் அனுப்புனா மட்டும் இதுல வரமாட்டேங்குது?” என்று கேட்டார். டீ எடுத்துவந்த நீங்கள் முகம் மாறாமல், “பெரியவிய அனுப்பறது நேரா மனசுக்குப் போயிருமுங்க” என்றீர்கள். அவர் நம்பிவிட்டார். எனக்குச் சிரிப்பை அடக்கி இருமல் வந்தது.

அந்த மாதமே மகன் ஆள் போடும் பேச்சை விட்டுவிட்டான். நாற்காலி என்னிடமே இருந்தது. விட்டுப் போன வியாபாரியும் திரும்பி வந்தார். மஞ்சள் பெட்டியில் அவர் பெயரைப் பார்த்ததும் தொட மனமில்லாமல் கொஞ்ச நேரம் அப்படியே நிறுத்திவைத்துப் பார்த்தேன்.

உங்களை எந்த வகையில் போடுவது என்று வகை பிரித்த அன்றைக்கே கேட்டேன். “என்னைய சாதாவுல போடுங்க அக்கா. நான் ஒண்ணும் அவசரமில்ல” என்றீர்கள். அப்படியே போட்டேன்.

பிறகு உங்களுக்கு உடம்பு முடியாமல் போனது. சேலத்தில் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அங்கிருந்தும் காலையில் ‘சரிங்க அக்கா’ வரும். சாதா வகை என்பதால் வந்த வேகத்தில் மறையும். ஒரு நாள் நான் சாயக்காரரோடு வாசலில் பேசிக்கொண்டிருந்தேன். உங்கள் வரி வந்ததா இல்லையா என்றே தெரியவில்லை. அன்று முழுக்க வேலை ஓடவில்லை. சாயங்காலம் நானே ஃபைலைத் திறந்தேன். உங்கள் தமிழ் வரிகளை ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டே போய், உங்கள் பெயருள்ள இடத்தைக் கண்டுபிடித்தேன். சாதாவை எடுத்துவிட்டு, ஆர்டருக்கு எழுதியிருந்த அவசரத்தைப் பார்த்து எழுத்தெழுத்தாக அடித்தேன். நிறம் வாடாமல்லி. பக்கத்தில் யாரும் இல்லாமல் நானே முதல்முறையாக மாற்றியது அதுதான். மறுநாள் உங்கள் வரி வந்து நின்றது. நான் தொடும்வரை நின்றது.

வீட்டுக்கு வந்தபோது உங்களை நாற்காலியோடு தூக்கிவந்து என் முன்னறையில் உட்கார வைத்தார்கள். நீங்கள் திரையைப் பார்த்தீர்கள்.

“யாரக் கேட்டு மாத்துனீங்க?”

“கம்ப்யூட்டர் என்னுது. யாரக் கேக்கோணும்?”

“மாத்துனதுதான் மாத்துனீங்க, வாடாமல்லிங்களா? எனக்கு அந்தக் கலரே ஆகாதுங்க அக்கா.”

ஆனால் கண் நிறைந்திருந்தது. அந்த ஃபைலை மேலிருந்து கீழ்வரை படித்தீர்கள். ஒன்றையும் திருத்தவில்லை.

நீங்கள் போன அன்று காலையிலும் உங்கள் வரி வந்திருந்தது. ‘சரிங்க அக்கா. இன்னிக்கிப் பரவால்ல.’ அதைத் தொடுவதற்குள் உங்கள் வீட்டு வாசலில் ஆள் கூடியதைப் பார்த்துவிட்டேன். எல்லாம் முடிந்து, தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு திரும்பி வந்தால், முன்னறையில் அது அப்படியே நின்றுகொண்டிருந்தது. தொட்டால்தான் போகும் என்று எழுதியவள் நான். தொட்டேன். போய்விட்டது.

இன்றைக்குக் காலையில் எழுதியவன் படத்தில் சின்னப் பையனாகத் தெரிந்தான். அவனுக்குப் பதில் போட்டேன். ‘மன்னிச்சுக்குங்க சாமி. இது எங்க டீச்சரோட நம்பரா இருந்துதுங்க. இனி அனுப்பமாட்டேன்.’ உடனே பதில் வந்தது: ‘பரவால்லீங்கம்மா.’ நல்ல பிள்ளை. ஆனால் அதுவும் வாடாமல்லியில் வந்து நின்றது. அதைப் பார்த்ததும் எனக்குத் தெளிந்துவிட்டது. அவன் எனக்கு யாரோ. அந்த நிறத்தில் அவன் வரக்கூடாது.

ஒன்று சொல்ல மறந்தேன். ஹாஸ்டலில் இருக்கும் பேத்தி, தன் லேப்டாப்பில் பெட்டி மாற்ற என்னைத்தான் கேட்கிறாள். நாளையிலிருந்து காலை வரியை அவளுக்கு அனுப்பலாம் என்றிருக்கிறேன். எழுந்தாளா இல்லையா என்றும் தெரிந்துகொள்ளலாம்.

வீட்டில் எது வந்தாலும் இப்போது உங்கள் கேள்வியைத்தான் கேட்டுக்கொள்கிறேன். மருமகளின் முகச்சுளிப்பு, பக்கத்துப் பட்டறைக்காரர் பொறாமை, முழங்கால் வலி: இதற்கு நிற்க வேண்டுமா, போகட்டுமா? முக்கால்வாசி போய்விடுகிறது.

உங்கள் விஷயத்தில் மட்டும் அந்தக் கேள்வியைக் கேட்க என்னால் முடியவில்லை. அதனால் மகன் சொன்னபடி அழிக்கவும் இல்லை, இருந்தபடி விடவும் இல்லை. இப்போதுதான் ஃபைலைத் திறந்து உங்கள் பெயருக்கு எழுதிய வரிகளுக்குப் போனேன். ஒவ்வொன்றின் முன்னாலும் # போட்டேன்.

இனி மெஷின் உங்களைத் தாண்டிப் போய்விடும். நான் படித்துக்கொள்வேன்.