எண்ணெய் குடித்த பிரேக்

14.9.2008

மைத்துனன் மோகன்குமார் வந்திருந்தான். கோயம்புத்தூர் கார் பந்தயத்துக்கு இன்னும் நான்கு வாரம். அவன் ஓட்டும் காருக்கு ஸ்டீல் பிரேக்கே போதுமா, கார்பன் செராமிக் போடலாமா என்று கேள்வி. "அம்புட்டையும் படிக்கிறவரு நீங்க. நீங்களே சொல்லுங்க அத்தான்." செராமிக் என்றேன். எடை குறைவு, எவ்வளவு சூடானாலும் பிடி தளராது. நிறையப் பேசினேன். அப்படியொரு பிரேக் தட்டை, அதாவது டிஸ்க்கை, நான் கண்ணால் கண்டதில்லை என்பதைச் சொல்லத்தான் நேரமில்லை.

29.9.2008

டிஸ்க் வந்துவிட்டது. அது உள்ளே அடங்கச் சக்கரங்களையும் பெரிதாக வாங்க வேண்டியிருந்தது. முன்னேற்றம் இப்படித்தான் தொடங்கும்.

8.10.2008

வடமதுரையில் மாமியார் வீட்டு ஷெட்டில் ஆயுத பூஜை. என் மனைவி இசைவாணி காரின் முகப்பில் பொட்டு வைத்தாள். "சக்கரத்துக்குள்ளயும் வைக்கவா?" கூடாது என்றேன். மூடநம்பிக்கை பற்றிப் பத்திரிகையில் பத்தி எழுதுகிறவன் நான். வீட்டில் அந்த உபதேசத்தை இலவசமாகவே வழங்குகிறேன்.

பிறகு எல்லோரும் சாப்பிடப் போனார்கள். நான் மட்டும் ஷெட்டில் நின்றேன். என் பேச்சை நம்பித்தானே மோகன் வளைவுகளில் பாயப் போகிறான்? பயம் வந்தது. வெறும் சந்தனம் டிஸ்க்கில் ஒட்டவில்லை. விளக்கிலிருந்து எண்ணெய் தொட்டுக் குழைத்தேன். முன்சக்கரம் இரண்டிலும், இடுக்கில் விரல் விட்டு, குங்குமத்தோடு வைத்தேன். அப்புறம் வெட்கம் வந்து, வேட்டி நுனியால் துடைத்தேன்.

12.10.2008

முதல் சுற்று. மோகன் பிரேக்கை மிதித்தும் கார் வளைவில் நிற்கவில்லை. பாதையோர டயர் அடுக்கில் மோதியது. தோள்பட்டை எலும்பு முறிந்தது. உயிருக்கு ஒன்றுமில்லை.

மெக்கானிக் அப்துல் லத்தீப் சக்கரத்தைக் கழற்றினார். எண்ணெய்க் கறை, ஓரத்தில் குங்குமம். ஸ்டீல் என்றால் துடைத்ததும் போயிருக்கும். செராமிக் எண்ணெயைக் குடிக்கும். அதையும் நான் படித்திருக்கிறேன்.

"யாருப்பா இங்கன பொட்டு வச்சது?"

எல்லோரும் இசைவாணியைப் பார்த்தார்கள். அவள் என்னைப் பார்த்தாள் — அந்த வேட்டியைத் துவைத்தவள். நான் காரைப் பார்த்தேன்.

"நாந்தேன்" என்றாள்.

13.10.2008

ஏன் பேசவில்லை? வாய் இருந்ததே.

26.10.2008

அடுத்த மாதம் மோகன் கல்யாணம். நாத்தனார் முடிச்சைச் சித்தப்பா மகள் கீர்த்தனா போடட்டும் என்கிறார் மாமியார். "தம்பிய ஆஸ்பத்திரியில படுக்க வச்ச கை. அது வேணாம்."

இசைவாணி காபி டம்ளர்களைப் பொறுக்கிக்கொண்டு உள்ளே போனாள். திண்டுக்கல்லில் எங்கள் வீட்டுக்குத் திரும்பும் வழியில் ஒரே பேச்சுதான் பேசினாள். "அவனுக்கு நாந்தேன் முடிச்சுப் போடணும்னு சின்னப் பிள்ளையிலருந்து நெனச்சிருந்தேன்."

2.11.2008

சொல்லிவிட்டேன். "அத்தை, பொட்டு வச்சது நான்."

மாமியார் சிரித்தார். "மாப்பிள்ளைக்கு எப்பப் பாத்தாலும் நையாண்டிதேன். சாமி கும்பிடாத மனுசன் பொட்டு வச்சாராம்!"

"நெசமாத்தான் சொல்றேன்."

"அப்பக் கோயில்ல கற்பூரம் ஏத்தி, அடிச்சுச் சத்தியம் பண்ணுங்க. அவளே முடிச்சுப் போடட்டும்."

கற்பூரமா? நானா? அதிலெல்லாம் நம்பிக்கை இல்லை என்றேன். கொள்கை! விரல் எண்ணெய் தொட்டபோது எங்கே போயிருந்தது அது?

கையில் கட்டோடு உட்கார்ந்திருந்த மோகன், "அக்காவுக்காகப் பழிய ஏத்துக்கிறீகளே அத்தான், பெரிய மனசு" என்றான். அதற்குத் தலையாட்டினேனா? ஆட்டினேன்.

29.11.2008

விடிந்தால் கல்யாணம். மாலையில் கோயில் வாசல்வரை போனேன். கற்பூரமும் வாங்கிவிட்டேன். என் பத்தியைப் படிக்கிற ஒருவர் எதிரில் வந்து வணக்கம் சொன்னார். "என்ன சார், கோயில் பக்கம்?" அடுத்த பத்திக்கு விஷயம் தேடி வந்தேன் என்றேன். அவர் சிரித்தார். திரும்பிவிட்டேன்.

30.11.2008

முதல் முடிச்சு மோகன். மற்ற இரண்டும் கீர்த்தனா. இசைவாணி மேடைக்குக் கீழே, என் பக்கத்தில் நின்று அட்சதை போட்டாள். பிறகு என் கையிலிருந்த அட்சதையைப் பார்த்தாள்.

"இன்னும் கையிலயே வச்சிருக்கீக. போடுங்க, முடிஞ்சிருச்சு."