காகித ஆயாவுக்கு முதுகு

3-8-2008 ஞாயிறு

காலையிலேருந்து புழுக்கம். மேகம் இருக்கு, மழை இல்ல. சர்ச்சுக்குப் போய் வந்து மாவு ஆட்டணும். அதுக்குள்ள கரண்ட் போகாம இருக்கணும்.

பேத்தி ஷீபா பாதி இட்லியோட எழுந்துட்டாள். மருமகள் ரூத் கேட்டதுக்கு "பசி இல்லம்மா". எனக்குத் தெரியும் இன்னா பசின்னு. பொம்மைப் பசி.

எழுதி வைக்கிறேன், பின்னாடி எனக்கே மறந்துடும். ஷீபா ஆம்பூர் ஷூ கம்பெனியில பேட்டர்ன் செக்‌ஷன். ஷூவுக்குத் தோலை எந்த வடிவத்துல வெட்டணும்னு கம்ப்யூட்டர்ல வரையறவ. எங்க வம்சத்துல முதல் கம்ப்யூட்டர் இவதான். (இதை ரூத் கிட்ட சொன்னா தினம் சொல்றீங்கம்பாள். தினம்தான் சொல்லுவேன்.) லீவு நாள்ல கம்பெனித் தோழிங்க ரெண்டு பேர் வருவாங்க. மேஜை மேல ஒரு சண்டை ஆட்டம். கட்டம் போட்ட அட்டை, பகடை, விரல் உயரத்துக்கு ஆளுங்க. வெளிநாட்டுல அந்த ஆளுங்களை ஈயத்துல செஞ்சு விக்கிறாங்களாம், விலை கேட்டா மயக்கம் வரும். அதனால இவ காகிதத்துல வரைஞ்சு, வெட்டி, அடியில ஷூ அட்டைத் துண்டு ஒட்டி நிக்க வைக்கிறாள். வெட்டறதும் பசை காய்ச்சறதும் நான்.

வரைஞ்சதை அன்வர் பிரவுசிங் சென்டர்ல ஸ்கேன் பண்ணி இன்டர்நெட்ல ஒரு இடத்துல போட்டு வெச்சிருக்காள். எந்த ஊர்க்காரனும் காசு குடுக்காம எடுத்து, அவன் வீட்ல பிரிண்ட் அடிச்சு, வெட்டி ஆடலாம்.

இந்தத் தடவை போட்டது நம்ம ஊர் ஆளுங்க. தோல் மூட்டை தூக்கறவர், கரண்டியோட பிரியாணி மாஸ்டர், ஆடு மேய்க்கிற பொம்பள, முட்ட வர்ற மாடு, குடை பிடிச்ச ஒரு ஆயா. ஆயா நான்தான்.

ஒருத்தர்கூட எடுக்கல. இந்த மாசக் கடைசி வரைக்கும் யாரும் எடுக்கலன்னா அந்த இடத்துக்காரங்களே அழிச்சிடுவாங்களாம்.

"அழிஞ்சா அழியட்டும் ஆயா. அதோட நானும் விட்டுடறேன்."

மாவு பாதியில கரண்ட் போச்சு.

5-8 செவ்வாய்

ரூத்துக்கு ஆஸ்பத்திரியில நைட் ட்யூட்டி, இப்ப தூங்கறாள். வீடு கம்முனு இருக்கு.

வாங்க: து. பருப்பு, மைதா (பசைக்கு), பேனா ரீஃபில். இனி ஷீபா வெறும் ஷீ. தான், மை கம்மியா இருக்கு.

கடைக்குப் போற சாக்குல அன்வர் கிட்ட போனேன்.

"வாங்க ஆயா! இன்னா, இமெயில் பாக்கணுமா?"

"வாய் ஜாஸ்தி உனக்கு. ஷீபா போட்டதைக் காட்டு."

காட்டினான். என் மூஞ்சி டிவி பொட்டி அளவுக்கு. மூக்குத்திகூட விடல. கீழ எடுத்தவங்க கணக்கு: முட்டை.

அன்வர் குரலை இறக்கி, "நான் ஒண்ணு எடுத்துடட்டா? கணக்கு ஏறும், அழிக்க மாட்டான். யாருக்குத் தெரியப் போவுது?"

"வேணாம்டா. எங்க வீட்டுப் பொண்ணுக்கு நாமளே கை தட்டிக்கணுமா?"

விறுவிறுன்னு வந்துட்டேன். வீட்டுக்கு வந்ததும், எடுக்கச் சொல்லியிருக்கலாமோன்னு ஒரு பேஜார். மைதா வாங்க மறந்துட்டேன்.

8-8 வெள்ளி

சாயந்திரம் நல்ல மழை. ஷீ. நனைஞ்சுகிட்டே ஓடி வந்தாள்.

"ஆயா, எடுத்துட்டான்! ஒருத்தன் எடுத்துட்டான்! எழுதியும் இருக்கான்!"

எங்கயோ குளிர் ஊர்க்காரனாம். ரெண்டு பிள்ளைங்க. அன்வர் அடிச்சுக் குடுத்த தாளைப் படிச்சுத் தமிழ்ல சொன்னாள். மாடு பிரமாதம், ஆயா பிரமாதம் (ரெண்டு தடவை படிக்கச் சொன்னேன்). அப்பறம் ஒரு கேள்வி. "பின்பக்கம் எங்கே? எங்க மேஜையில நான் இந்தப் பக்கம், பிள்ளைங்க அந்தப் பக்கம். எனக்கு ஆளுங்க தெரியறாங்க, பிள்ளைங்களுக்கு வெறும் வெள்ளைக் காகிதம் தெரியுது"ன்னு எழுதியிருக்கான்.

ஷீ. மூஞ்சி சுருங்கிப் போச்சு. எனக்கும் அப்பத்தான் உறைச்சது. நம்ம வீட்டு மேஜை சுவரோட ஒட்டி. இழுத்துப் போட்டா கட்டிலுக்கு வழி இல்ல. மூணு பேரும் ஒரே பக்கம் நெருக்கி உக்காந்துதான் ஆடறாங்க. எதிர்ப்பக்கம்னு ஒண்ணு இருக்கறதே இந்த வீட்ல யாருக்கும் தோணல.

ஒருத்தன் எடுத்ததால அழிக்கிற நாள் தள்ளிப் போச்சாம். ஆனா இவ, "அசிங்கமா போச்சு ஆயா. நாளைக்கு நானே அழிச்சிடறேன்"னு நிக்கிறாள்.

"ஏண்டி, நல்லா இல்லன்னா சொன்னான்? முதுகு குடுன்னு கேக்கறான். வேணும்னாதானே கேப்பான்?"

தலையைத் துவட்டிக்கிட்டே இருந்தாள். அப்பறம், "மாட்டுக்கு வால் எந்தப் பக்கம் வளைக்கலாம்?"

10-8 ஞாயிறு

வெயில். துணியெல்லாம் காஞ்சது.

முதுகு வேலை. பிரியாணி மாஸ்டருக்குப் பனியன்ல வேர்வை. மாட்டுக்கு வால் இடது பக்கம். ஆடு மேய்க்கிறவளுக்கு முதுகுல ஆட்டுக்குட்டி ஒண்ணைக் கட்டி விட்டுட்டாள், கேக்காமலே.

ரூத் துடைப்பத்தோட வந்து, "வீடு பூரா காகிதக் குப்பை. மாமியாருக்கும் மகளுக்கும் இதே பொழப்பு." ஆனா பெருக்காம நின்னு பாத்தாள்.

கடைசியா நான். குடையோட வாசப்படியில ஷீ. என்னை அந்தப் பக்கம் திரும்பி நிக்க வெச்சாள். எதிர்வீட்டுக்காரங்க முறைச்சுப் பாக்கறாங்க.

"அத்தை, மூச்சு விடுங்க" ரூத் சிரிக்கிறாள்.

ஷீ. வரைஞ்சதைக் காட்டினாள். என் முதுகை நான் பாத்ததே இல்ல. கொண்டை எலுமிச்சங்காய் அளவு. ஜாக்கெட்ல வேற கலர் ஒட்டு. அதுக்கு மேல, கூன்.

"இது யாருடி? எங்க மாமியார் மாதிரி இருக்கா."

"நீதான் ஆயா."

"நிமித்திப் போடு."

"முன்பக்கத்துலயும் இதே வளைவுதான். குடை மறைக்குது, நீ கவனிக்கல. முன்னும் பின்னும் ஒரே கோட்டுல வெட்டணும். நிமித்தினா சேராது. வேணும்னா உன்னை எடுத்துடறேன்."

எடுத்துடறாளாம்! சாயந்திரம் வரைக்கும் பேசல. ரூத் என் தலையில எண்ணெய் வெச்சு விட்டாள், அவ கிட்டயும் பேசல. கொண்டை போட்டுக்கிட்டு இருக்கறப்ப கையால பின்னாடி தடவிப் பாத்தேன். இருக்கு. இத்தனை நாளா ஊரே பாத்திருக்கு, எனக்கு மட்டும் யாரும் சொல்லல.

ராச்சாப்பாட்டுக்கு முன்ன சொல்லிட்டேன். "கூன் இருக்கட்டும். ஜாக்கெட் ஒட்டை மட்டும் எடுத்துடு."

எடுத்துட்டாள்.

13-8 புதன்

கரண்ட் மூணு தடவை போச்சு. அன்வர் கடையில பாதி ஏத்தினது நின்னு, திரும்ப முதல்லேருந்து. கடைசியில ஏறிடுச்சாம்.

மைதா வாங்கியாச்சு. மீன்காரன் வரல. கத்திரிக்காய்.

அன்வர் ரோட்ல பாத்து, "ஆயா, உங்களுக்கு முதுகு வந்துடுச்சாமே!" நாலு பேர் திரும்பிப் பாத்தாங்க. "உனக்கு அறிவு வர்றப்ப சொல்லி அனுப்பு"ன்னுட்டு வந்தேன்.

16-8 சனி

மழை வரும்போல. முழங்கால் வலி கொஞ்சம்.

குளிர் ஊர்க்காரன் போட்டோ அனுப்பியிருக்கான். ஷீ. என் கையைப் பிடிச்சு அன்வர் கடைக்கு இழுத்துக்கிட்டுப் போனாள். பெரிய மேஜை, ரூம் நடுவுல. அந்தப் பக்கம் ரெண்டு பிள்ளைங்க, கன்னத்துல கை. மேஜை மேல அட்டையில ஒரு பாலம். பாலத்துக்கு அந்தாண்டை இரும்புத் தொப்பிப் பட்டாளம், வேலோட. இந்தாண்டை ஒரே ஒருத்தி. குடை, கொண்டை, கூன். நமக்கு முதுகைக் காட்டி, பட்டாளத்தைப் பாத்துக்கிட்டு.

மூணு தடவை பகடை போட்டும் ஆயா விழலயாம். அந்த ஊர்ப் பிள்ளைங்க நாலாவது தடவை போட விட மாட்டேங்குதாம்.

எடுத்தவங்க கணக்கு ஏறியிருக்கு. எவ்வளவுன்னு கேட்டேன், ஷீ. சொன்னாள், மறந்துட்டேன். முதுகையேதான் பாத்துக்கிட்டு இருந்தேன். அவ்வளவு மோசம் இல்ல.

ஷீ. அடுத்த தாள் ஆரம்பிச்சுட்டாள். இந்தத் தடவை முதுகுதான் முதல்ல. அன்வரைக் கடை வாசல்ல ரோட்டுக்கு முதுகு காட்டி நிக்க வெச்சிருக்காள்.

"சீக்கிரம் ஷீபா, கஸ்டமருங்க சிரிக்கறாங்க."

"ஆடாதீங்க அன்வர் அண்ணே."

நான் பின்னாடி நின்னு பாத்தேன். சட்டை கிழிஞ்சிருக்கு, அவனுக்குத் தெரியாது. சொல்லல.