திருப்பித் தரும் தேதி

ஜூன் 4

இல்லடி கண்ணு, நான் போனைப் பாதியில வெச்சது கோவத்துல இல்ல. நீதானே சொன்னே, "அத்தை, கடைக்குன்னு ஒரு நம்பர் வெச்சுக்கோங்க, அதுல வீட்டுக் கதை பேசாதீங்க"ன்னு? சரின்னு என் நம்பரையே கடை நம்பராக்கிட்டேன். இருக்கறது ஒரே போன். உன்கிட்ட பேசறது வீட்டுக் கதையா இல்லையா? நடுவுல ஞாபகம் வந்துச்சு, வெச்சுட்டேன். இனிமே உனக்குக் கடுதாசிதான். சிரிக்காதே. போன்ல நான் ஒண்ணு சொல்றதுக்குள்ள நீ நாலு சொல்லிடறே. இதுல நீ குறுக்க பேச முடியாது பாரு.

விஷயத்துக்கு வரேன். உங்க மாமா போய் மூணு வருஷமா சாமி புண்ணியத்துல கடை நடக்குது. கட்டில் பதினாலு, சக்கர நாற்காலி ஒன்பது, வாக்கர் எண்ணி மாளாது. படுத்துக் கிடக்கறவங்க வீட்டுக்கெல்லாம் வாடகைக்குப் போகுது, வருது. எது எந்த வீட்டுலன்னு பாதி என் தலைக்குள்ள இருக்கு, மீதி வண்டிக்காரர் தலைக்குள்ள இருக்கு. போன வாரம் ரெண்டு தலையும் முட்டிக்கிச்சு. தபால்காரரோட அம்மாவுக்குன்னு நான் ஒதுக்கி வெச்ச நாற்காலியை, இவர் தையல்காரர் வீட்டுக்கு ஏத்திட்டுப் போயிட்டார். அந்தம்மா கால்ல கட்டோட ஆஸ்பத்திரி வாசல் பெஞ்சுல ரெண்டு மணி நேரம் உக்காந்திருந்தாங்க. நானே போய் மன்னிப்புக் கேட்டேன். அந்தம்மா "பரவாயில்ல"ன்னுட்டாங்க. அவங்க பிள்ளைதான் நேரா உங்க அப்பாகிட்டப் போயிட்டார்.

அண்ணன் வந்து கடை நடுவுல நின்னுக்கிட்டு, "கட்டடம் என்னுது. ஆகஸ்ட் முப்பத்தொண்ணு வரைக்கும் பாப்பேன், அப்புறம் பூட்டிடுவேன். சாமானை மொத்தமா வித்துத் தள்ளிட்டு எங்க மாடி ரூம்ல வந்து உக்காந்து நிம்மதியா சாமி கும்பிடு"ங்கறார்.

"சாமிக்குக் காது நல்லாத்தான் கேக்குது, நான் இங்கேருந்தே கும்பிட்டுக்கறேன்"னேன். மூஞ்சியைத் தூக்கிட்டுப் போயிட்டார்.

மாடி ரூமாம். அண்ணி கொண்டுவந்து வைக்கற தட்டுக்குக் காத்துக்கிட்டு ஜன்னல் வழியா தெருவைப் பாத்துட்டு உக்காந்திருக்கணுமாம். அதுக்கு நான் ஆளில்ல. நீ ஆபீஸ்ல பெரிய பெரிய ஆளுங்களுக்கெல்லாம் கம்ப்யூட்டர்ல ஒழுங்கு பண்ணித் தரே இல்ல? உன் அத்தைக்கும் கொஞ்சம் சொல்லிக் கொடு. மெதுவா எழுது. எட்டாங்கிளாஸ் படிச்சவளுக்குப் புரியற மாதிரி.

வேளைக்குச் சாப்பிடு.

உன் அத்தை

* * *

ஜூன் 14

அன்புள்ள அத்தைக்கு,

உங்கள் கடிதத்தை ரயிலில் படித்துச் சத்தமாகச் சிரித்துவிட்டேன், எதிரில் இருந்தவர் இடம் மாறி உட்கார்ந்தார். தனி நம்பர் என்றால் என்னிடம் பேசக் கூடாது என்று அர்த்தமில்லை. ஆனால் உங்கள் கையெழுத்தைப் பார்த்து எத்தனை வருஷம் ஆயிற்று! எழுதுங்கள்.

முதலில் ஒவ்வொரு சாமானுக்கும் ஒரு நம்பர், அழியாத பெயின்டில். "முனகற கட்டில்", "கறுப்பு நாற்காலி" என்பதெல்லாம் உங்களுக்கும் வண்டிக்காரருக்கும்தான் தெரியும். சாமான் கடையை விட்டுக் கிளம்பும்போது ஒரு போட்டோ, திரும்பி வரும்போது ஒரு போட்டோ. போட்டோவில் நம்பர் தெரிய வேண்டும்.

இங்கிருந்தே ஒரு அட்டவணை போட்டு உங்கள் போனில் ஏற்றியிருக்கிறேன். கடையில் இருந்தால் பச்சை, வெளியே போனால் சிவப்பு, யாருக்காவது சொல்லி வைத்திருந்தால் மஞ்சள். வண்டிக்காரர் போனிலும் அதே தெரியும். மஞ்சளாக இருப்பதை அவர் தொடக் கூடாது. பாஸ்வேர்டு என்னிடம் இருக்கிறது, நீங்கள் அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம்.

கடைசிக் கட்டத்தில் "திருப்பித் தரும் தேதி" என்று இருக்கும். அதை மறக்காமல் நிரப்புங்கள். தேதி வந்தால் அந்த வீட்டுக்குத் தானாகவே ஒரு செய்தி போகும்படி பண்ணித் தருகிறேன். பாதிக் குழப்பம் அதிலேயே தீர்ந்துவிடும்.

அப்பாவோடு சண்டை வேண்டாம். அவரும் உங்கள் நல்லதுக்குத்தான் சொல்கிறார்.

அன்புடன்,
உங்கள் மருமகள்

* * *

ஜூன் 27

என் தங்கமான மருமகளுக்கு,

நம்பர் போட்டாச்சு. வண்டிக்காரர் பிரஷ் பிடிச்சார், நான் பக்கத்துல நின்னு திட்டினேன். முனகற கட்டிலுக்கு நாலாம் நம்பர். நம்பர் போட்டதுக்கப்புறமும் முனகத்தான் செய்யுது. பச்சை, சிவப்பு, மஞ்சள் எல்லாம் பழகிடுச்சு. நேத்து இவர் ஒரு வாக்கரை எடுக்கப் போனவர், போனைப் பாத்துட்டு, "அக்கா, மஞ்சள்!"னு நெருப்பைத் தொட்ட மாதிரி கையை எடுத்தார். எனக்குச் சிரிப்பு தாங்கல. போட்டோ விஷயமும் நல்ல விஷயம். ஒரு வீட்டுல நாற்காலிக் கைப்பிடியை உடைச்சுட்டு "வரும்போதே இப்படித்தான்"னாங்க. போட்டோவைக் காட்டினேன். ரிப்பேர் காசைக் கொடுத்துட்டாங்க.

வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை அந்த அட்டவணையைப் பாத்து நோட்டுலயும் எழுதி வெச்சுடறேன். இது நீ சொல்லாதது. போன் தண்ணில விழுந்தா என் கடையும் விழணுமா?

ஆனா ஒண்ணு. அந்தக் கடைசிக் கட்டத்தை நான் நிரப்ப மாட்டேன்.

கோவிச்சுக்காம கேளு. ஒரு வீட்டுல ஒருத்தர் எழுந்திரிக்க முடியாம நம்ம கட்டில்ல படுத்திருக்கார். அவங்ககிட்டப் போய் "கட்டில் எப்ப திரும்பி வரும்?"னு கேட்டா, அதுக்கு என்னடி அர்த்தம்? ஒண்ணு அவர் எழுந்து நடக்கணும், இல்ல போய்ச் சேரணும். ரெண்டுல எது எப்பன்னு அந்த வீட்டுக்காரங்களுக்குத் தெரியுமா? டாக்டருக்கே தெரியாது. மேல இருக்கறவனுக்குத்தான் தெரியும், அவன் போன் எடுக்கறதில்ல. கடை திறந்த நாள்லேர்ந்து நாங்க ஒரு வீட்டையும் கேட்டதில்ல. வேணாம்னா அவங்களே சொல்லி அனுப்புவாங்க. அது கடையோட பழக்கம்னு வெச்சுக்கோ, என் பிடிவாதம்னு வெச்சுக்கோ, எப்படி வேணா வெச்சுக்கோ. கட்டம் காலியாத்தான் இருக்கும்.

அண்ணன் தெருவுல போறப்ப கடையை எட்டிப் பாக்கறார், உள்ள வர்றதில்ல. பாக்கட்டும்.

உன் அத்தை

* * *

ஜூலை 8

அன்புள்ள அத்தைக்கு,

நீங்கள் சொல்வது மனசுக்குப் புரிகிறது. ஆனால் அட்டவணையைப் பாருங்கள். பதினாலில் பன்னிரண்டு கட்டில் சிவப்பு. அதில் மூன்று ஒரு வருஷத்துக்கு மேலாக வெளியே இருக்கிறது. தேவை முடிந்துபோய் மூலையில் தள்ளி அதன்மேல் துணி காயப்போட்டிருப்பார்கள். அவசரமாகக் கேட்டு வருகிறவரிடம் நீங்கள் இல்லை என்கிறீர்கள். அது மட்டும் இரக்கமா?

உங்களுக்குக் கேட்கச் சங்கடம், அவ்வளவுதானே? நீங்கள் கேட்கவே வேண்டாம். நானே ஒரு ஏற்பாடு செய்துவிட்டேன். மூன்று மாசத்துக்கு மேல் சாமான் இருக்கும் வீடுகளுக்கு இந்தத் திங்கட்கிழமை தானாகவே மரியாதையான ஒரு செய்தி போகும். உங்களுக்கு ஒரு வேலையும் இல்லை.

இது பிடிக்காமல் போகலாம். பலன் தெரிந்தபின் என்னைத் திட்டுங்கள்.

அன்புடன்,
உங்கள் மருமகள்

* * *

ஜூலை 17

உன் கடுதாசி இன்னிக்குத்தான் வந்துச்சு. உன் செய்தி திங்கக்கிழமையே போயிடுச்சு.

ஆறு வீடு. மத்த அஞ்சை விடு. ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார் வீடு, ரெண்டாம் நம்பர் கட்டில். அவருக்குக் கழுத்துக்குக் கீழ ஒண்ணும் அசையாது. அவர் வீட்டம்மா செய்தியைப் படிச்சுட்டு, நாம கேட்டுட்டோம்னு வெக்கப்பட்டு, சாயங்காலமே வேற வண்டி பிடிச்சுக் கட்டிலை அனுப்பிட்டாங்க. துடைச்சு, தலைமாட்டைத் தூக்கச் சுத்தற கைப்பிடிக்கு எண்ணெய் போட்டு. "ரொம்ப நாள் வெச்சுட்டோம், மன்னிக்கணும்"னு ஒரு சீட்டு வேற.

நான் ஓடினேன். வாத்தியார் தரையில பாய்ல கிடக்கார். அவரைத் திருப்பிப் போட அந்தம்மா குனிஞ்சு குனிஞ்சு எழுந்திரிக்க முடியாம சுவரைப் பிடிச்சுக்கிட்டு நிக்கறாங்க. என்னைப் பாத்து, "கட்டில் வந்து சேர்ந்துச்சா?"ன்னாங்க.

அன்னிக்கே கட்டிலைத் திரும்பக் கொண்டு போய்ப் போட்டோம். நான் அவங்க கால்ல விழாத குறை.

மரியாதையான செய்தின்னு எழுதியிருக்கே. மரியாதை எழுத்துல இல்லடி.

போன் ரிப்பேர் பண்ற பொண்ணுகிட்ட உக்காந்து பாஸ்வேர்டை மாத்திட்டேன். புதுசு உனக்குத் தெரியாது. தெரியவும் வேண்டாம். இது என் கடை. தப்பு நடந்தா என் கையால நடக்கட்டும்.

அத்தை

* * *

ஜூலை 28

அன்புள்ள அத்தைக்கு,

நாலு தடவை எழுதிக் கிழித்தேன். மன்னிப்புக் கேட்பதற்கு முன் ஒன்றைச் சொல்லியாக வேண்டும்.

அந்தச் செய்தியை அனுப்பச் சொன்னது அப்பா. "வெளியே இருக்கும் சாமானெல்லாம் ஆகஸ்டுக்குள் திரும்பி வந்தால் நல்லது, உன்னால் முடியுமா?" என்றார். எதற்கு என்று நான் கேட்கவில்லை. எல்லாம் ஓரிடத்தில் இருந்தால்தான் மொத்தமாகத் தள்ள முடியும் என்று எனக்குத் தெரியாதா? தெரியும் அத்தை. தெரிந்தேதான் கேட்காமல் இருந்தேன். நீங்கள் மாடி ரூமில் இருந்தால் எனக்கும் இங்கே கவலையில்லாமல் இருக்கும் என்று நினைத்தேன். கடை ஒழுங்காவதற்கு உதவுகிறேன் என்று உங்களிடமும், மூடுவதற்கு உதவுகிறேன் என்று அப்பாவிடமும் நல்ல பெயர் வாங்கப் பார்த்தேன்.

அந்தம்மாவின் விலாசம் அனுப்புங்கள், அவருக்கு எழுத வேண்டும். என்னோடு பேசாவிட்டாலும் இது ஒன்றை மட்டும் செய்யுங்கள்.

உங்கள் மருமகள்

* * *

செப்டம்பர் 3

என் மருமகளுக்கு,

ஒரு மாசத்துக்கு மேல ஆச்சு. வேணும்னுதான் எழுதல. உன் கடுதாசியைப் படிச்சுட்டு சாமி படத்துக்குப் பின்னாடி செருகி வெச்சேன், இவ விஷயத்தை நீயே பாத்துக்கோன்னு. தினமும் விளக்கேத்தறப்ப கண்ணுல படுது. கடைசில சாமி என்கிட்டயே திருப்பிட்டார். ஒளிச்சு வெச்சதை நீயே சொன்னே பாரு, அதுக்காக எழுதறேன்.

விலாசம் பின்பக்கம் இருக்கு. அந்தம்மாவுக்கு எழுது. நீட்டாதே.

இப்ப நான் சொல்றதை நீ கேட்டுக்கோ, உன் ஆபீஸ்ல உதவும். ஞாபகப்படுத்தற மணி அடுத்தவங்க வீட்டுல அடிக்கக் கூடாது, என் இடுப்புல அடிக்கணும். செவ்வாய்க்கிழமை காலையில ஒன்பது மணிக்கு என் போன் கத்தும், மூணு வீட்டு நம்பரோட. நானும் வண்டிக்காரரும் ஸ்பேனரும் எண்ணெய்க் குப்பியும் எடுத்துக்கிட்டுப் போவோம். "கட்டில் திருகு தளர்ந்திருக்கான்னு பாக்க வந்தோம்"னு சொல்லுவேன். பொய் இல்ல, நிஜமாவே முடுக்கறோம். போனா கண்ணாலயே தெரிஞ்சுடுதே! படுத்திருக்காரா, உக்காந்திருக்காரா, கட்டில் மேல துணி மூட்டையா. ஒரு வீட்டுல அந்தத் தாத்தாவே கதவைத் திறந்தார். "ஐயோ, உங்க கட்டிலைத் தரணும் தரணும்னு நெனச்சேன், தூக்கிட்டு வர ஆள் கிடைக்கல"ன்னார். நீ சொன்ன மூணுல ரெண்டு அப்படியே வந்துடுச்சு. அதுல நீ சொன்னது சரிதான், துணிதான் காய்ஞ்சுது. ஒத்துக்கறேன். மூணாவது வீட்டுல இன்னும் வேணும். இருக்கட்டும்.

கடைசிக் கட்டத்தோட தலைப்பை மாத்திட்டேன். "திருகு முடுக்கற நாள்". அதை மட்டும் ஒண்ணு விடாம நிரப்பறேன்.

பாஸ்வேர்டு தர மாட்டேன். கேக்காதே. ஆனா அந்தப் போன் கடைப் பொண்ணு ஒரு வித்தை சொல்லிக் கொடுத்துச்சு. நீ அங்கேருந்து அட்டவணையைப் பாக்கலாம், தொட முடியாது. உன் பேரை அப்படிச் சேத்திருக்கேன். காலையில காப்பி குடிக்கறப்ப பாரு, உன் அத்தை என்ன பண்றான்னு தெரியும். எங்கயாவது தப்பு தெரிஞ்சா போன் பண்ணு. வீட்டுக் கதையும் பேசலாம், நான் வேற நம்பர் வாங்கிட்டேன். அதுவும் பின்பக்கம் இருக்கு.

உங்க அப்பா முப்பத்தொண்ணாந்தேதி சொன்ன மாதிரியே வந்தார். காலையில பத்து மணி. அந்நேரம் பாத்து இடுப்பெலும்பு உடைஞ்ச ஒரு அம்மாவுக்கு அவசரமா கட்டில் போகணும், ரெண்டாவது மாடி, லிஃப்ட் கிடையாது. வண்டிக்காரர் ஒத்தையாத் தவிக்கறார். அண்ணன், "ஏம்மா, உன்கிட்டக் கொஞ்சம் பேசணும்"னு ஆரம்பிச்சார்.

"பேசலாம்ணே. மொதல்ல அந்தப் பக்கம் பிடி"ன்னேன்.

"எனக்கு முதுகுவலி."

"அப்ப தலைமாட்டுப் பக்கம் பிடி, அது லேசு."

பிடிச்சார்டி! வண்டியில ஏறி, ரெண்டு மாடியும் தூக்கி, திரும்பி வரும்போது சட்டையெல்லாம் கிரீஸ். இன்னொரு தடவை போய் ஒரு நாற்காலியையும் போட்டுட்டு வந்தார். அப்புறம் ஸ்டூல்ல உக்காந்து ஒரு சொம்புத் தண்ணியையும் குடிச்சுட்டு, என் போனை வாங்கி ரொம்ப நேரம் அந்தப் பச்சை சிவப்பையே பாத்தார். "நாலாம் நம்பர் ஏன் ரெண்டு மாசமா யாருக்கும் போகல?"ன்னார். "அது முனகும்"னேன். "எண்ணெய் போட்டா சரியாப்போகும்"னு அவரே குனிஞ்சு கைப்பிடியைக் கழட்ட ஆரம்பிச்சுட்டார். சாப்பாட்டுக்கு அண்ணி கூப்பிட்டு அனுப்பற வரைக்கும் அதோடதான் மல்லுக்கட்டினார். பேச வந்ததைப் பேசல, நானும் என்னன்னு கேக்கல.

மாடி ரூமுக்கு நான் வரலன்னு அண்ணிக்கும் சொல்லிட்டேன். அங்க வெங்காயம் காயப் போடட்டும்.

உடம்பைப் பாத்துக்கோ. உனக்காகவும் சேத்துத்தான் கும்பிடறேன்.

உன் அத்தை

ஒட்டப் போனவ மறுபடியும் பிரிச்சு எழுதறேன், இப்பதான் ஞாபகம் வந்துச்சு. அண்ணன் அன்னிக்குக் கையில ஒரு புதுப் பூட்டோட வந்தார். கட்டிலைப் பிடிக்கறதுக்காக மேஜை மேல வெச்சவர் எடுக்காமலே போயிட்டார், சாவி ரெண்டும் அதுலயே தொங்குது. நல்ல கனமான பூட்டு. மூணு நாளா கடையை நான் அதாலதான் பூட்டறேன்.